அமத்தாதே, ராசா

நடுவர் ஐயாவுக்கும் மேடைக்கும் சபைக்கும் வணக்கம். எனக்குத் தந்திருப்பது பன்னிரண்டு நிமிடம். வணக்கத்திலேயே அதைக் கரைக்க மாட்டேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். மனதில் ஆழமாகத் தங்குவது திரைப்படமா, வீடியோ கேமா? நான் கேமின் பக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டு விழுந்த பக்கம் இல்லை இது. சனசமூக நிலையத்துத் தம்பிமார் கேட்டு வந்தபோது, "கேம் பக்கம் என்றால் வருகிறேன்" என்று நானே சொல்லி எடுத்த பக்கம்.

நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர், இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் படிப்பித்த ஐயா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். "பட்டனை அமத்துவது கலை என்றால் எங்கள் வீட்டு மிக்ஸியும் கலைதான், அது சம்பல் அரைக்கும்போது நான் எழும்பி நின்று கை தட்ட வேண்டும்" என்றார். சபை குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் ஒரு கதிரை சரிந்ததைக்கூடப் பார்த்தேன். அந்த நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். ஐயா, இன்றைக்கு நான் அந்தப் பட்டனைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதற்கு முன் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. எதிரணி அக்கா 1962இல் வந்த 'ரன்முத்து தூவ' படத்தைச் சொன்னார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். அதை எடுத்த மைக் வில்சன், விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து நம்முடைய திருகோணமலைச் சுவாமிமலைக்குக் கீழே மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் மிச்சங்களைக் கடலுக்கடியில் கண்டவர். அந்தக் கடலையே படத்துக்குள் கொண்டுபோனவர். அக்கா அதைச் சொன்னபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, நானும் கை தட்டினேன். திரைப்படம் சிறியது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நானும் படம் பார்த்து வளர்ந்தவன்தான். 'அன்பே சிவம்' 2003இல் வந்து தியேட்டரில் தோற்றுப்போன படம். அதை எங்கள் வீட்டில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தோம் என்று அம்மாவைக் கேளுங்கள். அந்தா, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

அப்புறம் ஐயா பாலு மகேந்திராவைச் சொன்னார். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, கமெராவைத் தூக்கிக்கொண்டு போய் தென்னிந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்த நம்முடைய ஆள். சரி. ஐயாவிடம் ஒரேயொரு கேள்வி. பாலு மகேந்திரா அந்தக் கமெராவில் என்ன செய்தார்?

ஒரு பட்டனை அமத்தினார்.

இந்தக் கைதட்டலை நான் வைத்துக்கொள்ளவில்லை, அவருக்கே கொடுக்கிறேன். எந்த வெயிலில் அமத்துவது, எந்த நொடியில் அமத்துவது, எப்போது விரலை எடுப்பது என்பதில் அந்த மனிதனின் உயிர் முழுவதும் இருந்தது. பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் விடியப்புறம் நாதஸ்வரம் கேட்டுக் கண் கலங்கியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அந்தக் குழலில் விரல் வைக்க ஏழு துளை. வித்துவான் மூடுகிறார், திறக்கிறார். அதைத் தவிர அந்த விரல்கள் வேறு என்ன செய்கின்றன? மிக்ஸியின் பட்டனை யார் அமத்தினாலும் அதே சம்பல்தான் வரும், ஐயா. குழலில் ஒரு விரல் மாறினால் ராகமே மாறிவிடும்.

கேமின் பட்டன் குழலின் துளையைச் சேர்ந்தது. 1985இல் ஜப்பானில் ஷிகெரு மியமோட்டோ செய்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமை எடுங்கள். குதிக்க ஒரு பட்டன். தட்டினால் சின்னக் குதி, அமத்திப் பிடித்தால் பெரிய குதி. குழி எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று மூளை கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விரல் கண்டுபிடித்துவிடும். எப்படி விளையாடுவது என்று அதில் யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. தொடங்கியவுடன் காளான் மாதிரி ஒன்று நடந்து வரும். முட்டினால் செத்தீர்கள். அடுத்த தடவை குதிப்பீர்கள். அவ்வளவுதான் பாடம். 'அ' எழுதத் தெரியாத வயதில் என் மாமாவின் மகள் எங்கள் வீட்டுத் தரையில் இருந்து அதைப் படித்துக்கொண்டாள். ஒரு வார்த்தையும் பேசாமல் படிப்பிக்கிற வாத்தியார் எவ்வளவு அபூர்வம் என்று என்னைவிட ஐயாவுக்குத்தான் தெரியும்.

அக்கா இன்னொன்றும் சொன்னார். படம் என்றால் ஊர் கூடும், கேம் என்றால் பிள்ளை அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கும் என்று. எங்கள் வீட்டில் கதவு பூட்டுகிற அறையே இருக்கவில்லை, அக்கா. மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த ரீவி கேம் ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒரு மஞ்சள் கசற். மேலே '9999 கேம்' என்று போட்டிருக்கும், உள்ளே பத்துப் பன்னிரண்டு கேம்தான் பெயரை மாற்றி மாற்றி வரும். கசற் வேலை செய்யாவிட்டால் கழற்றி ஊதுவோம். ஊதுவதற்கே ஒழுங்கைப் பெடியள் வரிசையில் நிற்பார்கள். அதில் 'கொன்ட்ரா' என்று 1987இல் வந்த ஒரு கேம், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். நானும் அண்ணாவும் விளையாடுவோம். அதில் ஒரு வசதி இருந்தது. ஒருவனுடைய உயிர்கள் முடிந்துவிட்டால், மற்றவனிடம் மிச்சமிருக்கிற உயிரில் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடரலாம். எனக்கு எப்போதும் முதலில் முடிந்துவிடும். அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எடுத்துக்கொள்" என்பார். இதை மனதில் வைத்திருங்கள். அண்ணாவிடம் பிறகு வருகிறேன்.

இப்போது அம்மம்மா. நடுவர் ஐயா, இதற்குக் கொஞ்சம் நேரம் எடுப்பேன். மணியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

எங்கள் அம்மம்மாவின் ஊர் சம்பூர். 2006இல் போர் வந்தபோது உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர். மட்டக்களப்பில் ஒரு முகாம், பிறகு கிளிவெட்டியில் ஒரு முகாம். 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணியில் திரும்பக் கால் வைத்தார். அதற்கப்புறம் ஒரு தடவை முழங்கால் வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க எங்கள் வீட்டில் வந்து நின்றார். அந்த நாட்களில் ஒருநாள் ரீவியில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' போனது. 2002இல் மணிரத்னம் எடுத்த படம், நம்முடைய பிள்ளை ஒருத்தி தன்னைப் பெற்றவளைத் தேடி வருகிற கதை. நான் அழுதேன், அம்மா அழுதார். அம்மம்மா பாதியில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். பின்னால் போய், "பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன். "நல்ல படம்தான் ராசா. அதுகள் ஓடுதுகள், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறன். ஒண்டும் செய்யேலாமல் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது" என்றார்.

ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டு இருப்பது. எதிரணி இன்று முழுக்கப் புகழ்ந்ததை அம்மம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதற்கு இரண்டு மூன்று இரவு கழித்து, நான் கம்பியூட்டரில் 'திஸ் வோர் ஒப் மைன்' என்ற கேமைத் தொடங்கினேன். போலந்துக்காரர், 11 பிட் ஸ்டூடியோஸ், 2014இல் செய்தது. 1992 முதல் 1996 வரை சரயேவோ நகரம் 1,425 நாள் முற்றுகையில் கிடந்ததே, அந்த அனுபவத்தை வைத்துச் செய்த கேம். போர்க் கேம் என்றால் நம் கையில் துவக்குத் தருவார்கள். இதில் அப்படித் தொடங்காது. ஓட்டை விழுந்த ஒரு வீடு, அதற்குள் மூன்று சாதாரணச் சனம். சமையல்காரன் புருனோ, வேகமாக ஓடக்கூடிய பாவ்லே, பேரம் பேசத் தெரிந்த காத்தியா. பகலில் வெளியே தலை காட்டினால் சுடுவான். இரவில் ஒருவர் மட்டும் பையோடு போய்ச் சாப்பாடோ மருந்தோ பலகையோ தேடிக்கொண்டு விடிவதற்குள் வர வேண்டும். போர் முடியும்வரை இவர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் உங்கள் வேலை.

அம்மம்மா எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இடிக்கிற சத்தம் நின்றது. "இது ஆற்ற வீடு?" என்றார். சொன்னேன். "இதுகள் ஆர்?" சொன்னேன். அந்த நிமிடத்திலிருந்து பாவ்லே 'பாவலன்', புருனோ 'புருனன்', காத்தியா 'காத்தாயி'. நான் முதலில் கட்டில் செய்யப் போனேன். "கட்டில் என்னத்துக்கு இப்ப? நிலத்தில படுக்கலாம். முதல் தண்ணிக்கு வழி பார்" என்றார். அந்தக் கேமில் மழைநீர் பிடிக்கிற பீப்பாய் ஒன்று செய்யலாம். செய்தேன். "அடுப்பு." செய்தேன். "சுவரில ஓட்டையளை அடை, ராவில ஆக்கள் வருவாங்கள்." உண்மையில் அன்று இரவே வந்தார்கள். இன்டர்நெட்டில் பெடியள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிற உத்தியெல்லாம் அம்மம்மாவிடம் இருந்தது. புருனோ சிகரெட் இல்லாமல் வாடினால், "அவனுக்கு ஒண்டு தேடிக் குடு, பாவம், எங்கட முகாமிலயும் பீடி இல்லாட்டி ஆம்பிளையள் விழுந்து போவாங்கள்" என்பார். "குழந்தைப் பிள்ளையள் இல்லையோ இதில?" என்று கேட்டார். 2016இல் அதற்குப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஒரு பகுதி விட்டார்கள். போர் என்றால் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது அம்மம்மாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முழங்கால் வலியோடு ஒவ்வொரு இரவும் வந்து அந்தக் கட்டிலில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார், ஆறிப்போகும். நான் பகலில் வேலைக்குப் போயிருந்தால் பின்னேரம் வாசலிலேயே கேட்பார்: "பாவலனுக்குக் காய்ச்சல் விட்டதோ?"

இப்போது கதையின் நடுவுக்கு வருகிறேன். கேமுக்குள் குளிர் தொடங்கிவிட்டது. புருனோ படுத்த படுக்கை. மருந்து இல்லை, சாப்பாடு இல்லை. வரைபடத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதில் வயது போன ஒரு கணவனும் மனைவியும். காவல் இல்லை, துவக்கு இல்லை. அலுமாரியில் மருந்தும் சாப்பாடும் இருக்கிறது. பாவ்லேயை அனுப்பினேன். அந்தக் கிழவர் பின்னாலேயே நடந்து வந்து கெஞ்சுகிறார். எடுக்காதே என்கிறார். அடிக்கவும் மாட்டார், அடிக்க உடம்பில் பலமும் இல்லை. நான் பட்டனை அமத்தினேன். ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து புருனோவுக்கு மருந்து கொடுத்தேன். எழும்பிவிட்டான். நான் திரும்பி அம்மம்மாவைப் பார்த்தேன், பாராட்டுவார் என்று.

அவர் புருனோவைப் பார்க்கவில்லை. மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்த பாவ்லேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேமில் அப்படித்தான்; தப்பான வேலையைச் செய்ய வைத்தால் அந்த ஆள் உடைந்துபோவான், நடை தளர்ந்துவிடும், பேச்சு மாறிவிடும்.

"விடிய அந்தக் கிழடுகள் ரெண்டும் என்னத்தைச் சாப்பிடும்?" என்றார்.

"கேம்தானே, அம்மம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முகாமில எங்கட அரிசியையும் ஒருத்தன் எடுத்தவன். அவன்ர பிள்ளைக்கும் சுகமில்லை. நான் ஒண்டும் கேக்கேல்ல. ஆனா அவன் பிறகு ஒரு வருசமா என்ர முகத்தைப் பார்க்கேல்ல. உவனைப் போலத்தான் இருந்தவன்." திரையில் பாவ்லேயைக் காட்டினார்.

நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். இன்றைக்கு முழுவதையும் சொல்கிறேன், ஏனென்றால் பட்டனைப் பற்றி ஐயா சொன்னதற்குப் பதில் அடுத்த இரவில்தான் இருக்கிறது.

அடுத்த இரவு நான் அந்தக் கேமை அழித்துவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்கினேன். தண்ணீர், அடுப்பு, ஓட்டை அடைப்பு, எல்லாம் அம்மம்மா சொன்ன வரிசையில். பல இரவுகள் போயின. குளிர் வந்தது. இந்த முறையும் புருனோதான் படுத்தான். இந்த முறையும் வரைபடத்தில் அந்த வீடு இருந்தது. பாவ்லே போனான். கதவு திறந்தது. அந்தக் கிழவர் எழும்பி வந்தார். எனக்குத் தெரியும் எந்த அலுமாரி என்று. போனேன். திறந்தேன். மருந்து இருக்கிறது. என் விரல் பட்டனில் இருக்கிறது. பின்னால் வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் அமத்தவும் இல்லை, விரலை எடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அம்மம்மா மெதுவாகச் சொன்னார்:

"அமத்தாதே, ராசா."

வெறும் பையோடு திரும்பினேன். அந்தத் தடவை புருனோவைக் காப்பாற்ற முடியவில்லை. அம்மம்மா திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "மற்ற ரெண்டு பேருக்கும் ஏதாவது சமை" என்றார்.

ஐயா, எந்தத் தியேட்டரில் இருந்துகொண்டு எந்த நடிகனைப் பார்த்து "செய்யாதே" என்று சொன்னால் அவன் கேட்பான்? எழுதியவர் முடிவு செய்துவிட்டார், எடுத்தவர் முடிவு செய்துவிட்டார், நூறு தடவை போட்டாலும் அவன் அதையேதான் செய்வான். நாம் அழலாம், எழும்பிக் குசினிக்குப் போகலாம். அந்த இரவு எங்கள் வீட்டில் ஒரு கிழவி சொன்னாள், ஒரு பையன் கேட்டான், ஒரு திருட்டு நடக்கவில்லை. இன்றைக்கும் சம்பூருக்குப் போன் எடுத்தால், "பாவலனும் காத்தாயியும் என்ன செய்யினம்?" என்று கேட்கிறார். 2020இல் போலந்து அரசாங்கம் அந்தக் கேமை உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அந்தச் செய்தியை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பிள்ளையளுக்கு நல்லது" என்றார்.

இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறதா, ஐயா? போதும். அண்ணாவிடம் வருகிறேன்.

2013இல் வந்த இன்னொரு கேம், 'பிரதர்ஸ்: எ டேல் ஒப் டூ சன்ஸ்'. செய்தவர் ஜோசப் பாரெஸ். லெபனானில் பிறந்து, அங்கே போர் நடந்தபோது சிறுவனாகச் சுவீடனுக்குப் போனவர். ஏற்கெனவே படங்கள் எடுத்துப் பெயர் வாங்கிய திரைப்பட இயக்குநர். எதிரணிக்கு வேண்டிய ஆள்தான். அவர் கேமுக்கு வந்து முதலில் செய்தது இது. விளையாடாதவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லப் போகிறேன். அப்பாவுக்குக் கடும் வருத்தம். மருந்து தேடி இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். அதில் அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை. சுவீடன் பிள்ளைக்கு எவ்வளவு விளங்குமோ அவ்வளவுதான் திருகோணமலைப் பிள்ளைக்கும் விளங்கும். கையில் பிடித்து விளையாடுகிற பட்டன் கட்டையின், அதாவது கொன்ட்ரோலரின், இடது பக்கம் மூத்தவன், வலது பக்கம் இளையவன். ஒரே ஆள் இரண்டு கையாலும் இரண்டு பேரையும் நடத்த வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஒரு கட்டை. நாங்கள் இரண்டு பேர். அண்ணா இடது பக்கத்தைப் பிடித்தார், நான் வலது பக்கத்தைப் பிடித்தேன். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு விளையாடினோம்.

அந்த இளையவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். அவனுடைய அம்மா தண்ணீரில் போனவள். அதனால் ஆறு வருகிற இடமெல்லாம் மூத்தவன் நீந்துவான், இளையவன் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு போவான். எனக்கும் நீச்சல் பழக்கியது அண்ணாதான், டச்பே கடலில். "கழுத்தைப் பிடிக்காதே, தோளைப் பிடி" என்று கத்திக் கத்திப் பழக்கினார்.

கதையில் மூத்தவன் செத்துவிடுகிறான். குழிக்குள் வைத்து மண் போடுவதும் இளையவன்தான். அதையும் நம் கையால்தான் செய்ய வேண்டும். அண்ணாவின் கை இன்னும் இடது பக்கத்தில் இருந்தது. இனி அதற்கு வேலை இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விட்டுவிட்டு, கட்டை முழுவதையும் என் கையில் தந்தார். கட்டாருக்குப் போக அவருக்கு விசா வந்திருந்த மாதம் அது.

மருந்தோடு இளையவன் திரும்பி வருகிறான். மழை. முன்னால் தண்ணீர், அந்தப் பக்கம் வீடு. என் பக்கத்துப் பட்டனை அமத்துகிறேன், பயத்தில் நிற்கிறான். திரும்ப அமத்துகிறேன். இறங்க மாட்டேன் என்கிறான். நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "என்ர பக்கத்தை அமத்து."

அமத்தினேன். அவன் இறங்கினான். நீந்தினான்.

அண்ணா போய் ஏழு வருடம். இரண்டு தடவைதான் வந்துபோனார்.

போன மாரியில் ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சு வலி. கரண்ட் இல்லை. ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல் வெள்ளம், ஓட்டோ உள்ளே வராது. இப்படி ஒன்று வந்தால் வீட்டில் எப்போதும் அண்ணாதான் முன்னால் நிற்பார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்பாவை முதுகில் ஏற்றினேன். "தோளைப் பிடியுங்கோ அப்பா" என்றேன். வாசற்படியில் தண்ணீரைப் பார்த்தவுடன் கால் நகரவில்லை. இருட்டில் எங்கே கான், எங்கே ரோட்டு என்று தெரியவில்லை. அப்போதுதான் உணர்ந்தேன், அப்பாவின் காலைப் பிடித்திருந்த என் இடது கையின் சுட்டுவிரல் அமத்திக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில், திரும்பத் திரும்ப. இறங்கிவிட்டேன்.

அப்பா அந்தா அம்மாவுக்குப் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். வணக்கம்.